கப்பலேறும் ஜல்லி

அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். மிதந்து கரை சேர்ந்தார். அதை நம்புகிறவர்கள்கூட, கப்பல் கப்பலாக ஜல்லி கடல் தாண்டுகிறது என்றால் 'ரீல் விடாதப்பா' என்பார்கள். தாண்டுகிறது ஸார். மாலத்தீவில் இருப்பதெல்லாம் பவளப் பாறையும் மணலும்தான். கான்கிரீட் போடக் கருங்கல்லுக்கு எங்கே போவார்கள்? நம் தூத்துக்குடியிலிருந்து போகிறது.

ஒரு டன் ஜல்லி சுமார் 0.7 கன மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். அதனால் கிடங்கு பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரம்பும்போதே கப்பல் முழு லோடு ஆகிவிடும். மேலே அவ்வளவு இடம் காலி! காலி இடம் என்றால் நஷ்டம் என்று பி.காம். படித்த என் கை பரபரக்கும். கடலில் அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு சிக்கல், தஞ்சாவூர் பொம்மை. அடியில் கனம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தட்டினால் வெடுக்கென்று நிமிரும். பொம்மைக்கு அழகு, கப்பலுக்கு அவஸ்தை. ஒவ்வொரு அலைக்கும் வெடுக் வெடுக்கென்று ஆடி, உள்ளே இருப்பவர்களின் குடலை உருவிவிடும். சரக்கையும் சரித்துவிடும். எனவே கோபுரம் மாதிரி குவித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. பஸ் கண்டக்டர் 'உள்ளே போ, உள்ளே போ' என்று படிக்கட்டுக் கூட்டத்தைத் தள்ளுவாரே, அதே மாதிரி ஓரம்வரை நிரவ வேண்டும். ஜல்லி மாதிரி சாய்வு 35 டிகிரிக்கு மேல் நிற்கிற சரக்கில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கப்பலின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம் இருக்கலாம். அதுவும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. அடியில் தண்ணீர் வடிகிற குழிகளைச் சாக்குப் போட்டு மூடுவார்கள். தண்ணீர் இறங்கும், கல் இறங்காது.

சர்வதேச விதிப் புத்தகத்தில் ஜல்லி 'சி' பிரிவு. அதாவது கூழாகாது, ரசாயன வம்பும் கிடையாது. சமர்த்துப் பிள்ளை.

பாக்ஸைட்டும் ஒரு காலத்தில் அதே பிரிவில்தான் இருந்தது. மலேசியாவின் குவாந்தானில் நல்ல மழைக்கிடையே 46,400 டன் பாக்ஸைட் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'பல்க் ஜூபிடர்', 2015 ஜனவரி 2-ல் வியட்நாம் அருகே மூழ்கியது. 10 சதவிகித ஈரம்தான் இருக்கலாம் என்று விதி. இருந்ததோ சராசரி 21.3. பொடியும் ஈரமும் சேர்ந்து அலையில் குலுங்கினால், கெட்டியாகக் கிடந்தது கூழாகி ஒரு பக்கம் ஓடிவிடும். கப்பலில் இருந்த 19 பேரில் பிழைத்தவர் ஒருவர்தான். சமையல்காரர். பொடிப் பாக்ஸைட்டை ஆபத்தான 'ஏ' பிரிவுக்கு மாற்றியது அதற்கப்புறம்.

சுத்தமான முக்கால் ஜல்லிக்கு இந்தப் பயம் இல்லை. கிரஷர் தூசி கலந்து, மழையிலும் ஊறிக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அதற்குக் கப்பலிலேயே ஒரு சோதனை உண்டு. லேப், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், டப்பா போதும். பாதி சரக்கை நிரப்பி, ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்திலிருந்து கெட்டித் தரையில் 25 தடவை 'ணங் ணங்' என்று தட்டுங்கள். மேலே தண்ணீர் மினுக்கினாலோ சரக்கு கொழகொழத்தாலோ, லேபுக்கு அனுப்பாமல் ஏற்றக் கூடாது. மினுக்கவில்லையா? அப்போதும் 'பாஸ்' என்று அர்த்தமில்லை என்கிறது அதே புத்தகம்.

கேப்டன் டப்பாவோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால், ஏற்றுமதிக்காரர் வாட்சைப் பார்ப்பார். பார்க்கட்டும்.