எட்டாக் கனியா மாஸ்டர் பட்டம்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சதுரங்கம் ஆடுவோர் பலர் உளர். ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், வேளாண்மை செய்வோர், அவர்தம் மக்கள் எனப் பல திறத்தாரும் தொழில் ஒழிந்த வேளையிற் பலகையின்முன் அமர்கின்றனர். இவர்களுட் சிலருடைய நெஞ்சில் ஓர் ஆசை உண்டு. தம் பெயருக்கு முன்னே 'மாஸ்டர்' என்னும் பட்டம் ஒருநாள் வந்து நிற்கவேண்டும் என்பதே அது. "நெல்லுக்கு விலையில்லை, உரத்துக்கு வழியில்லை, இந்நிலையிற் சதுரங்கப் பட்டமா?" என்று நகைப்பாரும் உளர். நாம் நகைக்கமாட்டோம். வயிற்றுக்கு வழி தேடும் மக்கள் அறிவுக்கு வழி தேடுவதைப் பின்னொரு நாளைக்கென்று ஒத்திவைக்க வேண்டியதில்லை. ஆயின், இவ்வாசை ஏன் இன்னும் ஆசையளவிலேயே நிற்கின்றது என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

பட்டம் என்பது யாதென முதலிற் காண்போம். 'பிடே' எனச் சுருக்கமாக வழங்கும் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிறுவப்பட்டது. கிராண்ட் மாஸ்டர், சர்வதேச மாஸ்டர் என்னும் பட்டங்களை அது 1950இல் முறைப்படி வழங்கத் தொடங்கியது. பிடே மாஸ்டர் பட்டம் 1978இலும், கன்டிடேட் மாஸ்டர் பட்டம் 2002இலும் சேர்ந்தன. கடைசியிற் கூறியதே படிகளுள் முதற்படி. அதற்கு 2200 தரப்புள்ளி வேண்டும். பிடே மாஸ்டருக்கு 2300 வேண்டும். மகளிர்க்கெனத் தனியே அமைந்த பட்டங்களுக்கு முறையே 2000, 2100 புள்ளிகள் போதும். சர்வதேச மாஸ்டராக விரும்புவோர் 2400 புள்ளியை எட்டுவதோடு, 'நோர்ம்' எனப்படும் தகுதிப் பெறுபேறுகள் மூன்றையும் ஈட்டுதல் வேண்டும். பொதுவாக ஒவ்வொரு நோர்மும் ஒன்பது ஆட்டங்கள் கொண்ட போட்டியில், பட்டம் பெற்றோரையும் வேற்று நாட்டாரையும் எதிர்த்தாடிப் பெறவேண்டியது.

இப்புள்ளி எவ்வாறு வளர்கின்றது? அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த கணக்கைப் பிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அக்கணக்கை உழவர் எளிதில் விளங்கிக்கொள்வர். முப்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடிய, சம புள்ளியுள்ள வளர்ந்தோர் இருவர் மோதினால், வென்றவர் பத்துப் புள்ளி பெறுவார். தோற்றவர் பத்துப் புள்ளி இழப்பார். 2000 புள்ளியுள்ள ஒருவர் 1600 புள்ளியுள்ள ஒருவரை வென்றாலோ அவருக்குக் கிடைப்பது 1.6 புள்ளி மாத்திரமே. தோற்றுவிட்டால் 18.4 புள்ளி பறிபோகும். ஆகவே குளத்திற் புதுநீர் விழாமல் வயலுக்கு வயல் இறைத்துக்கொண்டிருந்தால், ஒரு வயல் நனைய மறு வயல் காயும். மட்டக்களப்பார் மட்டக்களப்பாரோடு மாத்திரம் ஆடிக்கொண்டிருப்பின் ஆட்டத்திறன் வளரலாம், புள்ளி வளராது. முதலாவது தரப்புள்ளி பெறுதற்கே, புள்ளியுடைய ஆட்டக்காரரோடு ஐந்து ஆட்டங்களேனும் ஆடியிருத்தல் வேண்டும். அவ்வாறு ஆடியும் 1400ஐ எட்டாதவர் பெயர் 2024ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப்பின் பட்டியலில் ஏறுவதில்லை.

"கைத்தொலைபேசியில் நாள்தோறும் உலகத்தாரோடு ஆடுகின்றோமே" என்று இளைஞர் கேட்பர். அது நல்ல பயிற்சி, ஐயமில்லை. உலக வீரரையும் வெல்லவல்ல கணினி ஆசான் இன்று காசின்றி ஒவ்வொரு கையிலும் இருக்கின்றான். எனினும், அங்கே பெறும் புள்ளி மாஸ்டர் பட்டத்துக்கு ஏணியாவதில்லை. மேசைக்கு மேசை எதிரெதிரே அமர்ந்து, மணிக்கூடு ஓட, நடுவர் மேற்பார்க்க, பல மணிநேரம் ஆடும் ஆட்டமே அதற்குக் கணக்கு. ஆசான் வந்துவிட்டான், அரங்கு வரவில்லை. நம் குறை இதுவே.

அரங்கில்லாத திறமைக்கு நேர்வது யாதென்பதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. பஞ்சாப் மாநிலத்துக் கிராமமொன்றிற் பிறந்த மீர் சுல்தான் கான், நவாப் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இலண்டன் சென்றார். அவ்வாண்டிலும், 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரித்தானியச் சம்பியன் பட்டத்தை வென்றார். முன்னாள் உலகச் சம்பியனான கப்பபிளாங்காவை ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வீழ்த்தினார். பின்னர் ஊர் திரும்பி, நிலத்தை நம்பி வாழ்ந்து, 1966இல் மறைந்தார். ஊரில் அவருக்கு எதிரே அமரத் தக்க அரங்கு இருக்கவில்லை. 1950இல் பட்டங்கள் பகிரப்பட்டபோது அவர் உயிரோடிருந்தும் அவர் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. மதிப்புறு கிராண்ட் மாஸ்டர் பட்டம் 2024இல், அவர் மறைந்து 58 ஆண்டுகள் சென்றபின் வழங்கப்பட்டது. உயிரோடிருக்கும் திறமைக்கு உரிய காலத்தில் அரங்கு வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

மறுபுறம் தமிழகத்தை நோக்குக. மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டரானார். அவர் தம் பட்டத்தோடு அமைந்துவிடவில்லை. அவரது முயற்சியாற் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் 1972இல் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. அக்கழகத்துப் பலகைகளில் ஆடி வளர்ந்த சிறுவரே விசுவநாதன் ஆனந்த். இந்தியாவின் முதற் கிராண்ட் மாஸ்டராக 1988இல் அவர் உயர்ந்தார். அதற்குரிய இறுதி நோர்மை அவர் ஈட்டியது எங்கே? மாஸ்கோவிலன்று, இலண்டனிலன்று, 1987இன் முடிவிற் கோயம்புத்தூரில் நடைபெற்ற போட்டியில். வெளிநாட்டு மாஸ்டர்கள் கோவைக்கு வந்தமையால், தமிழ்ப் பிள்ளை சொந்த மண்ணிலிருந்தே பட்டத்தை எட்ட முடிந்தது. இன்று தமிழகத்திற் கிராண்ட் மாஸ்டர்கள் முப்பதின்மருக்கு மேலுளர். 2022இல் மாமல்லபுரம் உலகச் சதுரங்க ஒலிம்பியாட்டை நடத்தியது. 2024 டிசம்பரிற் சென்னைச் சிறுவர் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சம்பியனானார்.

ஆனந்த் பட்டம் பெற்ற அந்த ஆண்டுகளில் நம் மட்டுநகர் இருந்த நிலையை முதியோர் அறிவர். போர் 2009இல் ஓய்ந்தது. இடையில் 2004இன் ஆழிப்பேரலையும் வந்து போயிற்று. ஒரு தலைமுறை ஊரடங்கிலும் இடப்பெயர்விலும் கழிந்தது. அத்தலைமுறையில் எத்தனை மாஸ்டர்கள் மறைந்து போயினரோ, யாரே கணக்கிட வல்லார்? இழந்ததை எண்ணிப் பயனில்லை. ஆயினும் போர் ஓய்ந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே வெறுமையை விட்டுச்செல்லுதல் நீதியாகாது.

இலங்கைக்கே இன்றளவும் ஒரு கிராண்ட் மாஸ்டர் இல்லை. நெடுநேர ஆட்டங்களையுடைய தரப்புள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் அயலையும் சுற்றியே நடக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒன்பது ஆட்டங்கொண்ட போட்டிக்குச் செல்லும் பிள்ளை இரவுப் புகைவண்டி ஏறவேண்டும். ஒரு வாரம் தங்கவேண்டும். துணைக்குத் தாயோ தந்தையோ செல்லவேண்டும். குகேஷின் தந்தையார் வைத்தியர். மகனோடு போட்டிகளுக்குச் செல்லும்பொருட்டுத் தம் தொழிலையே நிறுத்திவைத்தார் என்பதை உலகம் வியந்து பேசுகின்றது. வெல்லாவெளியில் வயல் செய்யும் தந்தை தம் தொழிலை நிறுத்திவைத்தால் குடும்பம் உண்பது எதனை? தியாகம் செய்ய வசதியுள்ளோர்க்கே பட்டம் என்றால், அது அறிவுக்குரிய பரிசாகாது.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பகுதியார் பாதை ஏறியே வாவியைக் கடந்தனர். பாலம் வந்தபின் படுவான்கரைப் பிள்ளைக்கு மட்டுநகர் அண்மையாயிற்று. ஆகவே போட்டி மட்டுநகருக்கு வருமாயின், இரு கரைப் பிள்ளைகளும் காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பலாம். தங்குமிடச் செலவு இல்லை. துணைக்கு ஆள் வேண்டியதில்லை.

இது நடவாத காரியமன்று. வெளியிலிருந்து வந்த விளையாட்டொன்று இம்மண்ணில் வேரூன்றிய வரலாறு நமக்கு உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினர். பயிற்றுநரும் வந்தனர், ஆடுகளமும் அமைந்தது, கல்லூரி அணி நாடறிந்த அணியாயிற்று. வெபர் அடிகளாரின் பெயரை மட்டுநகர் மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. கூடைப்பந்துக்குக் களம் வேண்டியிருந்தது. சதுரங்கத்துக்கு ஒரு மண்டபமும், மேசைகளும், மணிக்கூடுகளும், உரிமம் பெற்ற நடுவரும் போதும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஆண்டுதோறும் சித்திரையில், பெரும்போக அறுவடை முடிந்து பாடசாலை விடுமுறையும் கூடிய காலத்தில், ஒன்பது ஆட்டங்களைக் கொண்ட நெடுநேரத் தரப்புள்ளிப் போட்டியொன்று மட்டக்களப்பில் நடைபெற வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு ஆட்டங்களாயின் ஐந்து நாளில் அது முடிந்துவிடும். அதனை உலகச் சம்மேளனத்திற் பதிவுசெய்யும் பொறுப்பை இலங்கைச் சதுரங்கச் சம்மேளனம் ஏற்கவேண்டும். தமிழிலே விதிகளை விளக்கவல்ல நடுவர்கள் இம்மாவட்டத்திலிருந்தே பயிற்றப்பட வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானப் பயணம் ஒன்றரை மணி நேரமே. அங்குள்ள பட்டம் பெற்ற ஆட்டக்காரர் சிலரை விருந்தினராக அழைத்தல் வேண்டும். அவர்களோடு ஆடும் ஆட்டமே நம் குளத்தில் விழும் புதுநீர். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும், மட்டுநகரின் பழம்பெருங் கல்லூரிகளும் மண்டபம் தர முன்வரலாம். கடல் கடந்து வாழும் மட்டக்களப்பார், கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். பெண்பிள்ளைகளுக்குச் சம இடம் வேண்டும் என்பதைத் தனியே வற்புறுத்துகின்றோம். அவர்களுக்குரிய முதற் பட்டத்தின் எல்லை 2000 புள்ளியாதலின், இம்மாவட்டத்தின் முதல் மாஸ்டர் ஒரு பெண்ணாக இருத்தல் கூடும்.

தொழில் பார்த்துக்கொண்டே ஆடும் அன்பர்களுக்கும் ஒரு சொல். தொழிலுடையோர் பட்டம் பெறுதல் இயலாததன்று. ஹொலாந்து நாட்டுக் கணித ஆசிரியர் மாக்ஸ் ஊவே 1935இல் உலகச் சம்பியனானார். மின்பொறியியலாளரான மிலான் விட்மார் 1950இல் முதல் வரிசைக் கிராண்ட் மாஸ்டர்களுள் ஒருவரானார். எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நாற்பது வயதில் அலுவலகமும் குடும்பமும் சுமந்து 2200ஐ எட்டுவோர் மிகச் சிலரே. உங்களுட் பெரும்பாலோர் அப்பட்டத்தைக் காணாமற் போகலாம். ஆனால் நீங்கள் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் உங்களை எதிர்த்தாடப்போகும் பிள்ளைக்கு முதலாகும். 1800 புள்ளியுள்ள பத்துப் பேர் இவ்வூரில் இருந்தால், அவர்களை வென்றே ஒரு சிறுமி 2000ஐ நெருங்கலாம். ஆகவே ஆடுங்கள், பதிவு செய்யுங்கள், நடுவராகுங்கள், போட்டி நடத்துங்கள். மாஸ்டராகாத மனிதரும் மாஸ்டரை உருவாக்க முடியும்.

கேடயம் வழங்கி, ஒளிப்படம் எடுத்து, ஒரு பகலிற் கலைந்துபோகும் போட்டிகள் போதும் என்ற மனநிறைவை இனியேனும் விடவேண்டும். பிரதேச சபைகளும், மாநகர சபையும், நம் வாக்கைக் கேட்டு வருவோரும் இதற்கு விடை கூறட்டும். ஐந்து நாட்களுக்கு ஒரு மண்டபம், ஐம்பது பலகைகள், நான்கு நடுவர்கள். எதிர்வரும் சித்திரைக்குள் இதைச் செய்வார்களா?