பிளாஸ்டிக் சூடு கடத்துமா?

மே மாதத்தில் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய எல்.இ.டி. பல்பு கண் சிமிட்ட ஆரம்பிக்கும். சில நாளில் அணைந்தும் போகும். அட்டைப்பெட்டியில் என்னவோ 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும். இதில் குற்றவாளி பல சமயம் ஒளி தரும் சில்லு அல்ல. பிளாஸ்டிக் உடம்புக்குள் சூட்டில் வேகும் சின்னஞ்சிறு கெபாசிட்டர்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு.

ஆரம்ப கால எல்.இ.டி. பல்புகளுக்குக் கனமான அலுமினிய உடம்பு இருந்தது. இப்போது விலையையும் எடையையும் குறைக்க, பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். வெப்பத்தைக் கடத்தும் திறனில் தாமிரத்துக்கு 400 என்றால், அலுமினியத்துக்கு 200க்கு மேல்; சாதாரண பிளாஸ்டிக்குக்கு வெறும் 0.2! குக்கர் கைப்பிடிக்கு ஏற்ற குணம்தான். பல்புக்கும் சார்ஜருக்கும் அதுவே வினை.

இதற்கு மாற்றாக, பிளாஸ்டிக்கில் வெப்பம் கடத்தும் பொடிகளைக் கலக்கிறார்கள். கிராஃபைட் கலக்கலாம், ஆனால் அது மின்சாரத்தையும் கடத்திவிடும். அலுமினாவும் போரான் நைட்ரைடும் வெப்பத்தை மட்டும் கடத்தும். ஆனால் கொஞ்சம் பொடி தூவினால் பயன் சொற்பம். புளியோதரையில் ஆங்காங்கே கிடக்கும் வேர்க்கடலை மாதிரி, துகள்கள் தனித்தனியே நின்றால் வெப்பத்துக்கு வழி கிடைக்காது. ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் கலந்தால்தான் பாதை திறக்கும். அப்படிப் பாதிக்குப் பாதி கலந்தாலோ பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். அச்சில் வார்ப்பதும் கடினம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. போரான் நைட்ரைடு துகள்கள் தட்டையானவை. தட்டின் வாக்கில் வெப்பம் வேகமாக ஓடும், குறுக்கே தயங்கும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தித் தள்ளும்போது இந்தத் தட்டுகள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஆகவே ஒரே பொருளுக்கு நீளவாக்கில் ஓர் எண், குறுக்கே அதைவிட மிகச் சிறிய எண். சிப்புக்கும் அதன் மேல் வைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே செருகும் தாளுக்கு வேண்டியது குறுக்கு எண்தான். திசையைச் சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் காட்டி விற்பது, என் பார்வையில், பாதிப் பொய்.

பெரிய எண்ணைத் துரத்துவதே வீண் என்றும் சொல்வேன். பல்பின் சுவர் ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்தான். 0.2 என்பது 5 ஆனாலே பெரும் லாபம். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனாலும் கிடைப்பது கொஞ்சம்தான். ஏனென்றால் அப்போது தடை பிளாஸ்டிக்கில் இல்லை, வெளியே அசையாமல் நிற்கும் காற்றில் இருக்கிறது.

பல்பின் ஒளியை அளக்கும் சோதனைகள் வழக்கமாக 25 டிகிரியில் நடக்கின்றன. நம் வீட்டில் கோடையில் அந்த 25 டிகிரி ஏது? "45 டிகிரி அறையில், மூடிய கூட்டுக்குள் இத்தனை மணி நேரம்" என்று பெட்டியின் மேலேயே அச்சிடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். அப்படி ஒரு விதி வந்தால் நல்ல கலவைப் பிளாஸ்டிக்குக்குச் சந்தை தானாக வரும். அதுவரை, அன்பர்களே, அந்தக் கண்ணாடி மூடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.