யார் பெயரை எழுதி அனுப்பினோம்?

ஒவ்வோர் ஆண்டும் குடியரசு தினத்தையொட்டி பத்ம விருதுப் பட்டியல் வெளியாகிறது. மறுநாள் ஆம்பூர், வாணியம்பாடி டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: "நம்ம ஆளுங்க எத்தனை பேரு?" விரல்விட்டு எண்ணுகிறோம். பாரபட்சம் என்கிறோம். பாரபட்சமே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்காக நமது ஜமாஅத்துகள் யார் பெயரை எழுதி அனுப்பின?

1954-ல் தொடங்கப்பட்ட இந்த விருதுக்குப் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் ஒருவரை முன்மொழியலாம். மந்திரி சிபாரிசு கட்டாயமில்லை. அவர் செய்த பணியை 800 சொற்களுக்கு மிகாமல் எழுதி, மத்திய அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

2020-ம் ஆண்டுப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நம் தாய்மார்கள் நாடெங்கும் தெருவில் அமர்ந்திருந்த நேரம் அது. அந்தப் பட்டியலில் அயோத்தியைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக் முஹம்மது ஷரீஃப் பெயர் இருந்தது. சுல்தான்பூருக்குப் போன அவருடைய மகன் கொல்லப்பட்டார். உடல் கேட்பாரற்ற பிணமாகப் போய்விட்டது. அந்தத் தந்தை பழிவாங்கப் புறப்படவில்லை. ஆயிரக்கணக்கான அநாதைப் பிணங்களை எடுத்து, முஸ்லிமை அடக்கம் செய்தார். இந்துவை அவர்கள் முறைப்படி தகனம் செய்ய வைத்தார். அதே பட்டியலில் மங்களூர் பக்கத்து ஹரேகள ஹாஜப்பா. கூடையில் ஆரஞ்சுப் பழம் விற்றவர். தாம் பள்ளிக்கூடம் போகாதவர். ஊர்ப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் எழுப்பினார். 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வெறுங்காலுடன் நடந்து போய் பத்மஸ்ரீ வாங்கினார். இவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதியதால்தானே நாடு அறிந்தது?

நம் பகுதிக்கும் இந்த விருது வந்திருக்கிறது. ஃபரீதா குழுமத்தின் மெக்கா ரஃபீக் அஹமது அவர்கள் 2011-ல் தொழில், வணிகப் பிரிவில் பத்மஸ்ரீ பெற்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சி. சமூகப் பணி என்று தனிப் பிரிவு ஒன்று இருக்கிறதே, அதற்கு நாம் யாரைக் காட்டப் போகிறோம்? கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் சுமந்து சென்ற இளைஞர்கள் தமிழகமெங்கும் இருந்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் மையித்தைக் குளிப்பாட்ட வருகிற தாய்மார்கள் எந்த மஹல்லாவில் இல்லை? ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலையில் காசு வாங்காமல் பாடம் சொல்லித் தருபவர்கள் இல்லையா? நம் ஆண்டு விழாக்களிலோ சால்வை எப்போதும் நன்கொடை கொடுத்தவர் தோளுக்கே போகிறது.

"இதெல்லாம் ரியா ஆகிவிடாதா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். பேர் வாங்கக் கொடுத்த வள்ளலின் மறுமை நிலையை மிம்பரில் நாமே சொல்லி எச்சரிக்கிறோம். ஆனால் தன் அமலைத் தானே பறைசாற்றுவது வேறு; ஒருவர் செய்ததைக் கண்ணால் கண்ட அண்டை வீட்டார் சாட்சி சொல்வது வேறு. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்றும் அதே மிம்பரில்தானே சொல்கிறோம்?

ஆசைப்படுவதற்கும் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பணமுடிப்பு கிடையாது, ரயில் சலுகைகூடக் கிடையாது. பட்டங்களை அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு ஒழித்துவிட்டது. பத்ம விருது பட்டமல்ல, அதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கவும் முடியாது! (கான் பகதூர் காலத்து ஆசை சிலருக்கு இன்னும் போகவில்லை.) விருது அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழிந்தும் பதக்கம் கைக்கு வராமல், ஷரீஃப் நோயில் படுத்திருந்தார் என்று 2021 பிப்ரவரியில் பத்திரிகைகள் எழுதின. பதக்கம் வயிற்றை நிரப்பாது. ஆனால் நம் சமுதாயத்தைப் பற்றி எவரெவரோ எதையெதையோ எழுதும் காலத்தில், அரசுப் பதிவேட்டில் ஒரு மையித் குளிப்பாட்டும் தாயின் பெயரும் ஏறட்டும்.

ஆகவே முத்தவல்லிமார்களே, உலமாப் பெருமக்களே! வரும் ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் உட்காருங்கள். மஹல்லாவுக்கு ஒரு பெயர் போதும். அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு, என்ன வேலை, யாருக்குச் செய்தார் என்பதைக் குறித்துக் கொடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் பதிவு செய்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் குறிப்புகளை இப்போதே தயார் செய்து வையுங்கள்.