கப்புக்கு எடை கிடையாது

ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் ஒரே எடை என்று சொன்னால் விராலிமலைக் கடைத்தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சீஸ் என்று வந்துவிட்டால் மட்டும் ‘ஒரு கப் என்றால் 250 கிராம்’ என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். சமையல் வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அளவுப் பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. இது முழுத் தவறு. இதைப் பரப்புவதை நிறுத்த வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவில் செடார் சீஸுக்கு உள்ள கணக்கைப் பாருங்கள். துருவியது ஒரு கப் 113 கிராம், சிறு துண்டுகளாக நறுக்கியது 132, உருக்கியது 244. சீஸ் ஒன்றுதான், கப்பும் ஒன்றுதான். நடுவில் அடைந்திருக்கும் காற்றுதான் கூடிக் குறைகிறது. பெரிய கண் துருவியில் துருவி, கப்பில் தானாக விழவிடுங்கள். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து விளிம்புவரை நிரம்பிவிடும். மேடைமேல் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் இறங்கும். விரலால் அழுத்தினால் இன்னும் ஒரு கைப்பிடி கொள்ளும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் துருவினால் இழை தனித்தனியாக நிற்கும், இளகியபின் துருவினால் ஒட்டிப் படிந்துவிடும். இதில் எது ‘ஒரு கப்’?

கப்பும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. தலைதட்டிய கப் அளவை அமெரிக்க வீடுகளில் வேரூன்ற வைத்தது 1896-இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட சமையல் நூல். தராசு இல்லாத வீடுகளுக்கு அது பெரிய உதவி. மாவுக்கும் சர்க்கரைக்கும் ஓரளவு சரிவரும் அந்த முறையைத் துருவிய சீஸுக்கும் நீட்டி, அதோடு ஒரு கிராம் எண்ணையும் ஒட்டவைத்ததுதான் கோளாறு.

மில்லியும் கிராமும் ஒன்றே என்ற நினைப்புதான் இதற்கு வேர். தண்ணீருக்கு அது சரி. சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் அச்சிட்டிருக்கும்.

‘அம்மா கண்ணளவில்தானே சமைத்தார்?’ என்பார்கள். அம்மாவுக்குத் தன் உழக்கும் தெரியும், தன் அரிசியும் தெரியும்; அந்தக் கை தினமும் பழகிய கை. சீஸ் நம் அடுப்படிக்கு நேற்று வந்தது. அதற்குக் கண்ணளவு இன்னும் உருவாகவில்லை.

நஷ்டம் சின்னதும் இல்லை. கடையில் கிடைக்கும் சிறு சீஸ் கட்டி ஒன்று 25 கிராம். ‘துருவிய சீஸ் ஒரு கப்’ என்ற குறிப்புக்கு நாலரைக் கட்டி போதும். 250 கிராம் என்று நம்புகிறவர் பத்துக் கட்டி போடுவார். பதப்படுத்திய சீஸில் ஏற்கெனவே உப்பு அதிகம். பதார்த்தம் கரிக்கும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். வீட்டிலிருந்தே பீட்சா, சாண்ட்விச் செய்து விற்கும் பெண்களுக்கு அன்றைய லாபம் அந்த ஐந்தரைக் கட்டியிலேயே போய்விடும். இவர்களுக்காகத்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் சீஸைக் கிராமில் எழுதட்டும். சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தராசு இல்லாவிட்டாலும் பாக்கெட்டில் எடை இருக்கிறது: 200 கிராம் பெரிய கட்டியில் பாதியை வெட்டினால் 100 கிராம். வெட்டி எடுத்துக்கொண்டு, பிறகு துருவுங்கள்.