நம்ம ஊர்க் குப்பையை வாங்கப் போவது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

குப்பை என்றால் லொறி வந்ததா இல்லையா என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். லொறி போன பிறகு நடப்பதை 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் பார்த்தோம். குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டியின் குப்பையும் பல வருடங்களாக கொஹாகொடையில், மகாவலிக்குப் பக்கத்தில்தான் குவிந்தது.

அதில் பாதிக்கு மேல் உக்கும் குப்பை. கமக்காரருக்கு அது பசளை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது அவர்கள் அலைந்த அலைச்சல் ஞாபகம் இருக்கும். சேதனப் பசளையோடு சீனாவிலிருந்து வந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பலை, கெட்ட பக்டீரியா இருக்கிறது என்று இறக்காமலே திருப்பினார்கள். இறக்காத பசளைக்கு அறுபது லட்சம் டொலருக்கு மேல் கட்டினோம்! அந்த நாட்களிலும் நம் மரக்கறித் தோல் சொப்பிங் பேக்கில் ரோட்டோரம் கிடந்தது.

"கொம்போஸ்ட் எல்லாம் செய்து பார்த்ததுதானே சேர்" என்பார்கள். உண்மைதான். 2008 இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தில் பல சபைகளுக்கு கொம்போஸ்ட் நிலையங்கள் கிடைத்தன. பலாங்கொடை போன்ற இடங்களில் நன்றாக நடந்தது. வேறு இடங்களில் பசளை விற்காமல் தேங்கியது. கண்ணாடித் துண்டும் பெட்டரியும் கலந்த பசளையை, வெறுங்கையால் பாத்தி கட்டுகிறவர் ஏன் வாங்க வேண்டும்? சும்மா கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். சல்லடையில் சலித்தாலும் எல்லாம் போகாது. பிரிக்கிற வேலை அடுப்படியில்தான் நடக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது, கமக்காரர் அமைப்புகளை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தில் பதிவான அமைப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. பசளை மானியம் வந்தால் மட்டும்தான் நமக்கு அவர்கள் ஞாபகம். "இந்தத் தரத்தில் இத்தனை மூட்டை எடுக்கிறோம்" என்று அவர்கள் முதலில் சொல்லட்டும். உக்கி முடிய மூன்று மாதமாவது ஆகும், போகத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். வயல் மட்டுமல்ல, மிளகு, கராம்பு, சாதிக்காய்த் தோட்டங்களும் பூக்கன்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், தோலை வேறாகப் போடச் சொல்லி வீட்டில் கேட்கவும் நமக்கு வாய் வரும்.

இங்கே கமக்காரர்களில் அதிகமானோர் சிங்களச் சகோதரர்கள். கடை வைத்திருப்பவர்களில் நம்மவர்கள் நிறைய. 2018 திகன கலவரத்துக்குப் பிறகு நல்லிணக்கக் கூட்டம் எத்தனையோ நடந்தது, தேநீரோடு முடிந்தது. பசளை மூட்டைக்கு விலை பேச இரண்டு பக்கமும் மாதாமாதம் சந்தித்தே ஆக வேண்டும்.

போத்தல், இரும்பு, கார்ட்போட் பற்றிக் கவலையில்லை, வாங்க ஆள் வருகிறது. பழைய பித்தளையை உருக்கிக் குத்துவிளக்கு செய்கிற ஊருக்கு மீள்சுழற்சி பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆரம்பத்தில் வலீமாச் சோறும் எலும்பும் வேண்டாம், நாயும் எலியும் வரும். மரக்கறிக் கடைக் கழிவு மட்டும் போதும், அது ஏற்கனவே பிரிந்துதான் வருகிறது. கமநல சேவை நிலையத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்று நான் விசாரிக்கிறேன். கடைக்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சேருகிறது என்று கொமெண்டில் போடுங்கள்.