பந்திக்கு முந்தும் போன்கள்



பிரிட்டனின் பழைய தொலைபேசி இணைப்புகளும் ஐ.எஸ்.டி.என். லைன்களும் 2027 ஜனவரியோடு நிற்கப்போவதைப் பற்றி இந்த வார எபிசோடில் பேசினோம். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள், பிறகு தள்ளிவைத்தார்கள். நேரம் இல்லாமல் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு: லைசன்ஸ். கணக்கர் அலுவலகம், பல் மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று நம்மாட்கள் நடத்தும் இடங்களில் இப்போது புது போன் சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் வந்துகொண்டிருக்கிறது. அதில் எல்லோரும் போனின் விலையைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, லைசன்ஸ் வரியை முதலில் பாருங்கள்.

சின்ன அலுவலகங்களில் அதிகம் காணப்படும் அவாயா ஐ.பி. ஆபிஸையே எடுத்துக்கொள்வோம். அதில் பழைய டிஜிட்டல் போனுக்கும் சாதாரண அனலாக் போனுக்கும் லைசன்ஸ் வேண்டாம். ஐ.பி. போன் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசன்ஸ் வேண்டும். வேறு கம்பெனியின் சிப் போன் என்றால் அதற்குத் தனி வகை. வெளியே போகும் சிப் லைனுக்கு, ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்ற கணக்கில் இன்னொரு லைசன்ஸ். ஆக, ஐ.எஸ்.டி.என்.-ஐ விட்டு சிப்புக்கு மாறும்போது, உள்ளே ஒரு போனைக்கூட மாற்றாவிட்டாலும் லைசன்ஸ் செலவு வரலாம்.

இனி, பலருக்குத் தெரியாத இடம். 20 ஐ.பி. லைசன்ஸ் இருக்கிறது, 22 போன் இருக்கிறது என்று வையுங்கள். யாருக்குக் கிடைக்கும்? முதலில் பதிவாகும் 20 போனுக்கு. பந்திக்கு முந்து என்பார்களே, அதேதான். பிந்தி வந்த இரண்டின் திரையில் லைசன்ஸ் இல்லை என்று வரும். அவசர எண்ணுக்கு மட்டும்தான் அதிலிருந்து அழைக்க முடியும். அந்த அளவுக்காவது வழி விட்டிருக்கிறார்களே, அதற்கு நன்றி.

சாதாரண நாட்களில் இது வெளியே தெரியாது. ஸ்டோர் ரூமில் இருக்கும் இரண்டு போனைக் கழற்றி வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். யாரோ ஒருவர் அதைத் திரும்பச் செருகுவார். ஒரு நாள் கரண்ட் போய் வரும். எல்லாப் போனும் ஒன்றாக எழுந்து ஓடும். ஸ்டோர் ரூம் போன் முந்திக்கொள்ளும், நர்ஸ் மேசை போன் வெளியே நிற்கும். முதியோர் இல்லத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு இப்படி ஆனால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்க.

இதற்கு மருந்து அந்த சிஸ்டத்திலேயே இருக்கிறது, காசும் கிடையாது. குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு லைசன்ஸை ஒதுக்கி வைக்கலாம். ரிசப்ஷன், நர்ஸ் மேசை, மேலாளர் அறை மூன்றுக்கும் இன்றே ஒதுக்கச் சொல்லுங்கள். பராமரிப்புக்கு வருபவருக்குச் சில நிமிட வேலை.

அடுத்தது, எக்ஸ்பான்ஷன். இந்த ஒரு சொல்லில் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ரிசப்ஷன் போனின் பக்கத்தில் ஒட்டும் கூடுதல் பட்டன் பலகை ஒன்று. சுவரில் இருக்கும் பெட்டியோடு சேர்த்து, கூடுதல் போன்களை இணைக்கும் பெட்டி இன்னொன்று. ஐ.பி. ஆபிஸில் பட்டன் பலகைக்குத் தனி லைசன்ஸ் கிடையாது, போனுக்கு வாங்கியதே போதும். அங்கே கவனிக்க வேண்டியது மின்சாரம்தான்: பல மாடல்களில் போனின் பின்னால் இருக்கும் மின் அளவு சுவிட்சைக் கூட்டி வைக்க வேண்டும். கூடுதல் பெட்டியில் மாட்டும் டிஜிட்டல் போனுக்கும் லைசன்ஸ் வேண்டாம். ஆகவே கொட்டேஷனில் "எக்ஸ்பான்ஷன் லைசன்ஸ்" என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று கூச்சப்படாமல் கேளுங்க. பதில் சரியாக இருந்தால் கொடுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, சாவி யார் கையில்? ஐ.பி.500 வி2 பெட்டியில் லைசன்ஸ் உள்ளே செருகிய எஸ்.டி. கார்டின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். கார்டு கெட்டால் லைசன்ஸை வேறு கார்டுக்கு மாற்றித்தர வேண்டும். அதற்கு வாங்கியவர் பெயர், லைசன்ஸ் கோப்பு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். விற்றவர் கடையை மூடிவிட்டால்? தயாரிப்பவர்களே கூடப் போயிருக்கிறார்கள். நார்டெல் 2009-இல் திவாலானது. தொஷிபா 2017-இல் அமெரிக்காவில் தன் தொலைபேசிப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. அவாயாவே 2017-இலும் 2023-இலும் திவால் பாதுகாப்புக்குப் போய் மீண்டது.

"அப்போ கிளவுடுக்குப் போயிட்டா தீர்ந்ததுல்ல?" என்று கேட்பீர்கள். சுவரில் பெட்டி இருக்காது, அது நிம்மதிதான். ஆனால் அங்கே லைசன்ஸ் மாத வாடகையாக மாறுகிறது, அவ்வளவுதான். தலைக்கு இவ்வளவு என்பார்கள். காத்திருப்பு அறையில் சும்மா கிடக்கும் போனும் ஒரு தலைதானா என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வையுங்கள்.

என் கட்சி இதுதான். அழைப்பைப் பதிவு செய்ய, வாய்ஸ்மெயிலை மின்னஞ்சலில் அனுப்ப, கால் சென்டர் நடத்த லைசன்ஸ் கேட்கட்டும், நியாயம். முழுக் காசு கொடுத்து, அதே கம்பெனியிடமே வாங்கிய போன், மணி அடிக்க மட்டும் இன்னொரு சீட்டு கேட்பது நியாயமில்லை. அவர்கள் மாறும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று: எந்த லைசன்ஸ், எத்தனை, யார் பெயரில், எந்தக் கார்டில் என்று ஒரே தாளில் எழுதி வாங்கி, லீஸ் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் தராத ஆளிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கொட்டேஷனில் புரியாத வரி இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம்.