கப்பல் ஏறுமுன் இன்னொரு கப்பல் எதற்கு?

"சிங்கப்பூர் இரண்டு ராத்திரி, குரூஸ் மூன்று ராத்திரி." சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் டிராவல் ஏஜென்சிகளின் நோட்டீஸில் இந்த வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. கீழே நாள்வாரியாக ஒரு பட்டியல் இருக்கும். முதல் நாள்: சென்னையிலிருந்து ராத்திரி விமானம், விடிந்ததும் சிங்கப்பூர், இறங்கியவுடனே சிட்டி டூர், மெர்லயன் சிலை முன்னால் போட்டோ, மரீனா பே சாண்ட்ஸ் உச்சி, சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே. இரண்டாம் நாள்: செந்தோசா, யூனிவர்சல் ஸ்டுடியோஸ், அப்படியே நைட் சஃபாரி. மூன்றாம் நாள்: பெட்டியைக் கட்டு, கப்பலில் ஏறு.

பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே நம்பிப் போகிற குடும்பம், கப்பலில் ஏறுகிறபோது பாதி நோயாளிக் குடும்பமாக ஏறுகிறது. பாட்டிக்குக் கால் வீக்கம், சின்னவனுக்குக் காய்ச்சல், அப்பாவுக்குப் பர்ஸ் காலி. ஊர் திரும்பிய பிறகு "சிங்கப்பூர் எப்படி?" என்று யாராவது கேட்டால், "ரொம்ப சுத்தம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. இரண்டு நாள் ஒரு ஊரில் இருந்தவர்கள் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா?

இல்லை. ஏனென்றால் அவர்கள் ஊரையே பார்க்கவில்லை. கப்பலில் என்ன இருக்கிறதோ, அதையே இரண்டு நாள் முன்கூட்டிக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இது மிகையல்ல, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பலில் என்ன உண்டு? நீச்சல் குளம், பஃபே, ஆட்டம் பாட்டு நிகழ்ச்சி, கடைகள், பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம். சிங்கப்பூருக்கு வந்துபோன ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் செயற்கை அலை உண்டு, காற்றில் மிதக்கிற விளையாட்டு உண்டு. கண்ணாடிக் கூண்டில் மனிதர்களை ஏற்றி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டுகிற இயந்திரக் கைகூட உண்டு. சரி, மரீனா பே சாண்ட்ஸ் உச்சியில் என்ன இருக்கிறது? மூன்று கோபுரங்களின் தலையில், 2010இல் திறக்கப்பட்ட, கப்பல் வடிவத்தில் ஒரு பூங்கா. நீளம் 340 மீட்டர். குவாண்டம் வகைக் கப்பலின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அங்கே இருக்கிற புகழ்பெற்ற நீச்சல் குளத்தில் அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் மட்டும்தான் இறங்கலாம். மற்றவர்கள் டிக்கெட் வாங்கி, லிஃப்டில் ஏறி, வேடிக்கை பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

ஆக, நாளைக்கு நிஜக் கப்பலின் மேல்தளத்தில் இலவசமாக நிற்கப் போகிற குடும்பம், இன்றைக்குக் கட்டணம் கட்டி ஒரு கான்கிரீட் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறது. இதற்குப் பெயர் சுற்றுலாத் திட்டமாம் :-)

இப்படி ஏன் திட்டம் போடுகிறார்கள்? ரகசியம் ஒன்றும் இல்லை. டிக்கெட் உள்ள இடத்தில் விற்கிறவருக்குக் கமிஷன் உண்டு. சும்மா நடந்து பார்க்கிற தெருவுக்கு யாரும் கமிஷன் தருவதில்லை. அதனால் டிக்கெட் இல்லாத சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாது. ஏஜென்ட் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர் வியாபாரம் செய்கிறார். அவர் போட்ட பட்டியலைத் தன்னுடைய ஆசை என்று நினைத்துக்கொள்கிற குடும்பத்தின் மேல்தான் வருத்தம்.

டிக்கெட் இல்லாத அந்த ஊர் எங்கே இருக்கிறது? கப்பல் நிற்கிற இடத்திலிருந்து வெகு தூரமெல்லாம் இல்லை. பெரிய குரூஸ் கப்பல்கள் பலவும் 2012இல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டரிலிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு அருகில் உள்ள மெட்ரோ ரயில் நிலையம் மரீனா சவுத் பியர். அங்கிருந்து இரண்டாவது நிலையம் ராஃபிள்ஸ் பிளேஸ். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு.

மலாய் மொழியில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்று சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். ஆனால் 1880களில் கடலைத் தூர்க்கும் வரைக்கும் இந்தத் தெருதான் கடற்கரை. சீனாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் இங்கேதான் கரையேறினார்கள். இறங்கியதும் அவர்கள் செய்த முதல் காரியம், உயிரோடு கொண்டுவந்து சேர்த்த தெய்வத்துக்கு நன்றி சொன்னது. அதற்காகக் கட்டியவை இன்றும் அங்கேயே நிற்கின்றன. கடலில் போகிறவர்களைக் காக்கும் மாஸு என்ற பெண் தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர்கள் 1839க்கும் 1842க்கும் இடையில் எழுப்பிய தியான் ஹோக் கெங் கோயில். அதே தெருவில், தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பெயரால் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா. இன்னும் சில அடி தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் அது வெறும் குடிசை. அதனால் அதற்கு இன்னொரு பெயர் குச்சுப் பள்ளி. குச்சு, சுத்தமான தமிழ்ச் சொல்.

பத்து நிமிஷக் கப்பலாட்டத்துக்கே மாத்திரை தேடுகிற காலம் இது. வாரக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வந்து, பிழைத்து, மண்ணைத் தொட்டவர்கள் கும்பிட்ட இடம் இந்தத் தெரு. கப்பல் ஏறப் போகிற ஒரு தமிழ்க் குடும்பம் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் சிங்கப்பூரில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எந்த நோட்டீஸிலும் இது இல்லை. நுழைவுச் சீட்டு இல்லையே!

இன்னும் கொஞ்சம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவியது. ராஃபிள்ஸ் பிளேஸுக்கு அடுத்த நிலையமான சிட்டி ஹாலில் இறங்கினால் எதிரே வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856இல் வேலை தொடங்கி 1861இல் வழிபாட்டுக்குத் திறந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். உள்சுவரின் பூச்சுக்குப் பெயரே மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்தது. பளிங்கு மாதிரி வழவழப்பு அந்தக் கலவையால் வந்தது. மெர்லயன் சிலை 1972இல் வைத்தது. அதற்கு முன்னால் நின்று இருபது போட்டோ எடுக்கிறவர்களுக்கு, இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் கிடைக்காதா?

"இதெல்லாம் சரி, பிள்ளைகள் யூனிவர்சல் கேட்டு அழுதால்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஆனால் கப்பலுக்கு அப்புறம். கப்பல் பெரும்பாலும் காலையில் திரும்பும். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கினால் முழு நாளும் பிள்ளைகளுடையது. மறுநாள் கப்பல் ஏற வேண்டுமே என்ற அவசரமும் கிடையாது. நைட் சஃபாரியும் அப்படித்தான். அது மாலை ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும், இருப்பதோ ஊருக்கு வடக்கே மண்டாயில். பார்த்துவிட்டு ஹோட்டல் திரும்ப நடுராத்திரி ஆகும். அதைக் கப்பல் ஏறும் நாளுக்கு முந்தின ராத்திரியில் வைப்பது எந்த ஊர் நியாயம்? முஸ்தபாவில் ஷாப்பிங்கும் கடைசி நாளுக்குத்தான். கப்பல் அறை சின்னது. வாங்கிய சாமான்களைக் கடல் முழுக்கச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

"வயசானவர்களால் நடக்க முடியாதே" என்பது அடுத்த கேள்வி. யூனிவர்சலில் கியூவில் நிற்க முடிகிறவரால் தெலுக் ஆயர் தெருவில் நடக்க முடியாதா? அந்தத் தெரு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வெயில்தான் எதிரி. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிற ஊர் அது. அதனால் காலையில் நடை, மத்தியானம் குளிர்சாதன அறை, சாயங்காலம் மறுபடி நடை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் தாத்தாவும் தாங்குவார்.

"வாழ்நாளில் ஒரு தடவை போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்பதுதான் கடைசி ஆயுதம். ஒரு தடவைதான் போவது என்றால் இன்னும் கவனமாக அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும்? சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த காசு அது. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பி, பஸ் ஜன்னல் வழியாக எதையுமே பார்க்காமல் திரும்புவதற்கு அந்தக் காசு எதற்கு?

திட்டுவது சுலபம், மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு, அதே இரண்டு ராத்திரியில் செய்யக்கூடியது இது:

1. முதல் தவறு ராத்திரி விமானம். காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்கினால் ஹோட்டல் அறை மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். தூங்காத குடும்பத்தை அதுவரை எங்காவது வைத்திருக்கத்தான் அந்த சிட்டி டூர். பகல் விமானம் கிடைத்தால் உத்தமம். இல்லாவிட்டால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை போட்டு, போனதும் தூங்குவது மேல். கப்பல் கிளம்பும் அன்றே போய் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

2. முதல் நாள் லிட்டில் இந்தியா. 1947இலிருந்து நடக்கிற கோமள விலாஸில் டிபன், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். சாயங்காலம் மரீனா பே ஓரமாக நடை. மெர்லயனும் வழியிலேயே வந்துவிடும். கார்டன்ஸ் பை த பே வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, அங்கே ராத்திரி நடக்கிற விளக்குக் காட்சிக்கும் இல்லை.

3. இரண்டாம் நாள் காலை தெலுக் ஆயர், மாரியம்மன் கோயில். உச்சி வெயிலில் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அருங்காட்சியகம். ஒன்பதாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பி, பெலிதுங் தீவருகே மூழ்கிய ஒரு அரபுக் கப்பலை 1998இல் கண்டெடுத்தார்கள். அதிலிருந்த பீங்கான்கள் இங்கேதான் இருக்கின்றன. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மத்தியானம் அமையாது. சாயங்காலம் செயின்ட் ஆண்ட்ரூஸ். ராத்திரி சீக்கிரம் தூக்கம்.

4. மூன்றாம் நாள் காலை எதுவும் வேண்டாம். முடிந்தால் தாவரவியல் பூங்காவில் ஒரு மணி நேரம். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அனுமதி இலவசம். பிறகு கப்பல்.

இந்த மூன்று நாளில் பெரிய செலவு என்று ஏதாவது இருக்கிறதா? மெட்ரோ ரயில் கட்டணம், சாப்பாடு, இரண்டு அருங்காட்சியகச் சீட்டு. மிச்சமாகும் காசில் அந்தக் கூடுதல் ராத்திரியும் பிள்ளைகளின் யூனிவர்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தமிழ் அரசு மொழிகளில் ஒன்றாக இருக்கிற ஊர் சிங்கப்பூர். ரயில் நிலைய எச்சரிக்கைப் பலகையில்கூடத் தமிழ் இருக்கிறது. அந்த ஊருக்குப் போய், தமிழர்கள் கரையேறிய தெருவையும் அவர்கள் எழுப்பிய கோயிலையும் தர்காவையும் தாண்டி, ஒரு கூரை நீச்சல் குளத்தைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு நான்கரை மணி நேரம் பறக்க வேண்டாம். குளம் கப்பலிலேயே இருக்கிறது. மூன்று நாளும் அது எங்கேயும் ஓடிப் போகாது.

பி.கு: விசாவைப் பார்க்காமல் யாரும் கிளம்ப வேண்டாம். கப்பல் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் நுழைவது இரண்டாவது தடவை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவில் பல முறை நுழைய அனுமதி இருக்க வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம், அதற்கும் காசு கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். இன்னொன்று, சிங்கப்பூரில் குரூஸ் முனையம் இரண்டு: ஒன்று மரீனா பே, மற்றது ஹார்பர்ஃபிரண்ட். டாக்சியில் ஏறி வெறுமனே "குரூஸ் சென்டர்" என்று சொன்னால் எங்கே போய் இறங்குவார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.